மெயினை நிறுத்தினால்தான் சோறு இறங்கும்

ஆடிட் வரும் நாளில் என் மெஸ்ஸில் சோறு மிஞ்சும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் போதும், சிரித்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு பையர் தனக்குத் துணி தைத்துத் தரும் பனியன் கம்பெனியைப் பார்த்து வர ஆள் அனுப்புவார். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, தீயணைப்பான் மாட்டியிருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, இடைவேளை ஒழுங்காக விடுகிறார்களா என்று அவர்கள் எழுதிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு மட்டும் மதியம் பெல் அடித்ததும், ஒரு மணி நேரத்துக்கு யாரும் மிஷின் பக்கம் வரக்கூடாது என்று சூப்பர்வைசரே விரட்டிவிடுவார். ஜனம் என் மெஸ்ஸுக்கு வந்து சாவகாசமாக உட்காரும். பொரியலை முதலில் வாயில் போடுவார்கள். ரசத்தில் மிளகு தூக்கல் என்பார்கள். இது என்ன கீரை என்று ஒருவர் கேட்பார். தினமும் மூன்று கரண்டி சோறு வாங்குகிற ஆள் இரண்டாவது கரண்டிக்கே கையைக் குறுக்கே வைத்துவிடுவார். “போதுங்கக்கா, நெறஞ்சிருச்சு.”

மறுநாள் அதே ஆள், அதே சோறு. ஏழெட்டு நிமிடத்தில் எழுந்து கை கழுவப் போய்விடுவார். கூப்பிட்டுக் கேட்டால், “பீஸ் போகுதுங்கக்கா” என்பார்.

அங்கேரிபாளையம் ரோட்டில் மெஸ் நடத்துகிறேன். டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லா செக்‌ஷன் ஆட்களும் மாத டோக்கன் போட்டுச் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். மனிதர் என்ன சாப்பிடுகிறார் என்பதை அவருக்குக் கிடைக்கும் நேரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. அந்த நேரம் சாப்பிடுகிறவர் கையில் இல்லை.

பல கம்பெனிகளில் மதிய இடைவேளை ஒரு மணி நேரம் என்றுதான் போர்டில் எழுதியிருக்கும். பொய்யில்லை, பெல்லும் அடிக்கும். ஆனால் பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லருக்குத் தைத்த பீஸுக்குத்தான் காசு. ஓவர்லாக்கில் உட்கார்ந்து தோள்பட்டை அடிக்கிறவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வாரக் கடைசியில் சம்பளக் கவரில் குறையும். பக்கத்து மிஷின்காரர் சீக்கிரம் போய் உட்கார்ந்துவிட்டால் இவருக்கும் இருப்புக்கொள்ளாது. யாரும் இவரைத் துரத்துவதில்லை. அதனால் முதலாளியைக் கேட்டால், “நாங்க ஒரு மணி நேரம் குடுக்கறோமுங்க, அவங்களேதான் ஓடி வந்தர்றாங்க” என்பார். அவர் சொல்வதும் நிஜம். அங்கேதான் சிக்கலே.

நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களை விடாமல் படிப்பவள் நான். வாட்ஸ்அப்பில் வருகிற டாக்டர் வீடியோக்களையும் பார்க்கிறேன். நன்றாக மென்று சாப்பிடுங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள், காய்கறியை முதலில் சாப்பிடுங்கள். ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அந்த அறிவுரை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? எங்கள் மெஸ்ஸில் சாப்பிடும் பேட்லாக் டெய்லர் ஒருத்திக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. நேரத்துக்குச் சாப்பிடும்மா, நிதானமா சாப்பிடும்மா என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் என்னிடம் வந்து கேட்டாள்: “அதுக்கு லீவு போடோணுமாக்கா?”

சாப்பிடுவதை ஏதோ மனசு சம்பந்தப்பட்ட, கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசிப் பழகிவிட்டோம். உடம்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. சோறு உள்ளே போனவுடன் வயிறு நிறைந்தது நமக்குத் தெரிந்துவிடுவதில்லை. இரைப்பை விரிவதும், குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களும் சேர்ந்துதான் மூளைக்குச் சேதி சொல்கின்றன. அதற்குச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எட்டு நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தவருக்கு அந்தச் சேதி மிஷினில் உட்கார்ந்து ஐம்பது பீஸ் அடித்த பிறகு வந்து சேரும். அதற்குள் மூன்றாவது கரண்டி உள்ளே போயிருக்கும். இப்போது எடை குறைக்க ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறதே, அது இந்த ஜிஎல்பி-1 செய்யும் வேலையைத்தான் செய்கிறது. உடம்பு தானாகச் சுரப்பது ஊசி அளவுக்கு வீரியமாக இருக்காதுதான். ஆனாலும் அதற்கு பில் வருவதில்லை.

அமெரிக்காவில் 2019-ல் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. இருபது பேரை அரசு ஆய்வு மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய பாக்கெட் வகை உணவும், இன்னொரு இரண்டு வாரம் வீட்டில் செய்வது போன்ற சாதாரண உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டுமளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு தின்ற நாட்களில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது, இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை ஏறியிருந்தது. அந்த உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டிருந்தார்கள். எனக்கு இதில் பிடித்த விவரம் இன்னொன்று. ஒவ்வொரு வேளைக்கும் அவர்களுக்கு ஒரு மணி நேரம் வரை அவகாசம் இருந்தது. அவ்வளவு நேரம் கொடுத்தும், மெல்லத் தேவையில்லாத உணவு விறுவிறுவென்று இறங்கிவிட்டது. அவகாசமே இல்லாதவர் கையில் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் அந்த உணவுக்குப் பெயர் பேக்கரி. எங்கள் ஊரில் பேக்கரி இல்லாத முக்கு கிடையாது. பதினொரு மணிக்கும் சாயந்திரமும் டீ டைம். ஒரு டீ, ஒரு பப்ஸ், இல்லாவிட்டால் பன் பட்டர் ஜாம். இரண்டு கடியில் முடிந்துவிடும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை. இரண்டு டீ டைமும் பப்ஸில்தான் ஓடும். இதற்குப் பதிலாக வேகவைத்த கடலையோ கொள்ளோ தின்னலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். கொள்ளுச் சுண்டல் தாளித்து ஒரு டப்பாவில் கம்பெனி கேட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்தது.

ருசி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்தான் காரணத்தைச் சொன்னாள். “வெள்ளை ஓடுதுங்கக்கா.” வெள்ளைத் துணி ஆர்டர் ஓடும் வாரத்தில் விரலில் மஞ்சள் இருந்தால் காலரில் ஒட்டும், பீஸ் ரிஜெக்ட் ஆகும், ரிஜெக்ட் ஆனால் இவள் தலையில் விடியும். சுண்டல் தாளிப்பில் மஞ்சளும் எண்ணெயும் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழாய்கள் கொஞ்சம், கழுவக் காத்திருப்பவர்கள் நிறைய. பப்ஸைக் காகிதத்தோடு பிடித்துத் தின்றுவிட்டுப் போய்விடலாம். வெள்ளை ஓடும் வாரத்தில் மதியமும் குழம்பு வேண்டாம், தயிர் சோறு மட்டும் போடுங்கள் என்று கேட்பதற்கும் இதுதான் காரணம். ஊட்டச்சத்து வல்லுநர் யாரும் இந்தக் கணக்கை எழுதி நான் படித்ததில்லை. மஞ்சள் போடாமல், எண்ணெய் குறைத்து, தேங்காய் தூவி, ஒரு ஸ்பூனும் வைத்து அனுப்பத் தொடங்கினேன். மதியத் தட்டிலும் ஓரமாக ஒரு கரண்டி சுண்டல் வைத்தேன், காசு வாங்கவில்லை. பழகுவதற்குப் பல மாதம் பிடித்தது. இன்றைக்கும் பப்ஸ்தான் ஜெயிக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டப்பா காலியாகத் திரும்புகிறது.

பொறுமை என்பதை நான் இந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே நாளில் சாப்பாட்டை மாற்றுகிறேன் என்று கிளம்பினால் மெஸ்ஸை மூடிவிட வேண்டியதுதான். உப்பைத் திடீரென்று குறைத்தால் அன்றைக்கே சண்டை. வாரத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறைத்துக்கொண்டே வந்தேன், யாரும் கேட்கவில்லை. நடுவில் ஊருக்குப் போய்விட்டு வந்த ஒரு கட்டிங் மாஸ்டர்தான் முதல் வாயிலேயே, “என்னங்கக்கா, உப்பு போட மறந்துட்டீங்களா?” என்றார். நாக்கு மெதுவாகத்தான் பழகும், மறுபடி கெடுவது மட்டும் சட்டென்று நடக்கும். சோற்றுக் கரண்டியையும் ஒரு சைஸ் சின்னதாக மாற்றினேன். கேட்டால் இன்னொரு கரண்டி உண்டு, கணக்குப் பார்ப்பதில்லை. தட்டு வைத்தவுடன் பொரியலும் பச்சைப்பயறு கடைசலும் முதலில் வரும், சோறு இரண்டு நிமிடம் கழித்துத்தான் வரும். பசியோடு வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார், எதிரில் இருப்பதைத் தின்பார். தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. என் மெஸ் விலைக்குப் பாதித் தட்டு காய் கட்டாது. கால் தட்டு வருகிறது.

வாரத்தில் ஒரு நாள் அரிசிம்பருப்பு, ஒரு நாள் கொள்ளு ரசம், கோடையில் கம்மஞ்சோறும் மோரும். கம்பு வேண்டும் என்று கேட்பது பெரும்பாலும் இளவட்டம்தான். யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். சின்ன வயதில் தினமும் அதைத் தின்று வளர்ந்த பெரியவர்கள் நெல்லுச் சோறுதான் வேண்டும் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வறுமையில் தின்றதை மறுபடி விருப்பப்பட்டுத் தின்னத் தனி மனசு வேண்டும். பீகார்ப் பையன்கள் வேறு கதை. அவர்கள் மெஸ்ஸுக்கு அதிகம் வருவதில்லை, ரூமில் முறை வைத்துச் சமைத்துக்கொள்கிறார்கள். வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். சத்து என்று அதற்குப் பேர். அவசரத்துக்கு ஏற்ற நல்ல சாப்பாடு ஒன்றை அவர்கள் ஊர் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நம் பக்கத்துக் கம்மங்கூழும் அப்படி ஒன்றுதான். வேகமாகக் குடிக்கலாம், ஆனால் முதல் நாளே புளிக்க வைத்திருக்க வேண்டும். முந்தின ராத்திரி யாரோ ஒருவருக்கு நேரம் இருந்திருக்க வேண்டும்.

அந்த யாரோ ஒருவர் வீட்டுப் பெண்தான். அவளும் எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து வருகிறவள். அரிசியும் உளுந்தும் ஊறப் பகல் வேண்டும், ஆட்டக் கை வேண்டும், புளிக்க ராத்திரி வேண்டும். அவள் வரும் வழியில் மாவுப் பாக்கெட்டோ பிள்ளைகளுக்குப் பரோட்டாப் பொட்டலமோ வாங்கிக்கொண்டு போனால், அதைப் பார்த்து நம் பாரம்பரியம் போச்சு என்று மேடையில் புலம்புகிற ஆண்கள் முதலில் ஒரு வாரம் கிரைண்டரைக் கழுவிப் பார்க்கட்டும்.

இந்த விஷயத்தில் உருப்படியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாக ஏதோ ஒன்று, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. குழந்தைகளின் பசியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எங்கள் தெருவில் அது தாய்மாருக்குக் கொடுத்தது காலையில் அரை மணி நேரம். அந்த அரை மணியில்தான் சிலர் இப்போது தாங்களே எதையாவது தின்றுவிட்டு மிஷினுக்கு வருகிறார்கள். யாருக்கும் யாரும் அறிவுரை சொல்லவில்லை. நேரம் கிடைத்தது, சாப்பிட்டார்கள்.

நேரம் இருக்கிற பணக்காரர்களும்தானே அவசரமாகத் தின்கிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மை. என் மெஸ்ஸிலிருந்து பார்சல் வாங்கும் முதலாளிகள் மூன்றரை மணிக்கு, ஒரு கையில் செல்லோடு, காரிலேயே சாப்பிட்டு முடிக்கிறார்கள். ஷிப்மென்ட் தேதி அவர்கள் கழுத்தையும் பிடிக்கிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல், பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்னது. டெய்லர் யார், முதலாளி யார் என்று அந்த நோய் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முதலாளி நினைத்தால் நாளைக்கே ஒரு மணிக்குச் சாப்பிட உட்காரலாம். டெய்லர் நினைத்தால் முடியாது.

நேரம் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இருபது, முப்பது வருடம் பனியன் கம்பெனியில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் அதே வேகத்தில்தான் தின்கிறார்கள். ஆடிட் நாளில்கூட அவர்கள் முதலில் எழுந்து, வெளியே போய்க் காரணமில்லாமல் நிற்பார்கள். பழகிய தொண்டை. எங்கள் ரோட்டில் ஒரு கம்பெனியில் மதிய பெல் அடித்ததும் தையல் லைனின் மெயினையே ஆஃப் பண்ணிவிடுகிறார்கள். மிஷின் ஓடாது, யாரும் முந்திக்கொள்ள முடியாது. ஆரம்பத்தில் ஜனம் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு மிஷினிலேயே போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரைத் திட்டியது. கொஞ்ச நாளில் தூக்குப்போசியில் மோர் வரத் தொடங்கியது. அப்புறம் ஊறுகாயைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், கதை பேசினார்கள். அந்தக் கம்பெனி ஆட்கள் மட்டும் என்னிடம், “காய் இன்னொருக்கா வைங்கக்கா” என்று கேட்கிறார்கள். மற்றவர்கள் கேட்பது சோறு.

மெயினை நிறுத்தினால் பீஸ் குறையாதா, கூலி குறையாதா என்று தொழிலாளிகளே கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாக் கம்பெனியிலும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. அப்படியும் குறைகிற காசை பீஸ் ரேட்டில் ஏற்ற வேண்டும். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆளை வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு விட வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் எழுதியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்க வேண்டும் என்றும் எழுதியது. பெல் அடித்த பிறகு அந்த ஓய்வு யார் கணக்கில் போகிறது என்று அது கேட்கவில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது ஊரே கொந்தளித்து, மே தினத்தன்று அது வாபஸ் ஆனது. நல்லதுதான். ஆனால் ஒன்றரை ஷிப்ட் போடும் எங்கள் ஊரில் பன்னிரண்டு மணி நேரம் எப்போதோ வந்துவிட்டது, சட்டத்தைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

சில வருடங்களுக்கு ஒரு தடவை தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் பேசுவார்கள். எத்தனை சதவீதம் உயர்வு என்பதில் வாரக்கணக்கில் இழுபறி நடக்கும். பயணப்படி, டீ பேட்டா எல்லாம் பேசப்படும். டீ பேட்டா என்றால் டீக்குக் காசு. டீ குடிக்க நேரம் அதில் வராது. அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொல்லி இரண்டு பக்கமும் கேட்கிறேன்: மதியம் ஒரு மணி நேரம் லைன் மெயின் ஆஃப், அந்த மணிக்கு ஈடாக பீஸ் ரேட்டில் உயர்வு. பையர்களிடமும் ஒரு வார்த்தை. ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போது தேதி சொல்லாமல், மதியம் ஒன்றேகாலுக்கு, ஆபீஸுக்குப் போகாமல் நேராக மிஷின் ஃப்ளோருக்கு அனுப்புங்கள். அங்கே ஆள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தால் அதையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளட்டும். பசித்தால் என் மெஸ்ஸுக்கு வரலாம், டோக்கன் வேண்டாம்.